கடலம்மா பாதமும் என் கையெழுத்தும்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் மேட்டுக்குப்பத்துக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஆரம்பாக்கத்துக்காரர்கள் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வருவார்கள். காட்டுப்பள்ளியில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கம் கலையாமல் பைக்கில் வருவார்கள். தோணிரேவிலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்தே வருவார்கள். எல்லோர் தலையிலும் ஐஸ் இருக்கும். ஆமாம், ஐஸ்தான். தேங்காயும் பழமும் பழைய சாமிகளுக்கு. எங்கள் ஊருக்கு வந்திருந்த சாமிக்கு ஐஸ் கட்டிதான் காணிக்கை.

சாமியின் பெயர் சீதளானந்தர். மார்பு வரை தாடி, நெற்றி நிறைய விபூதி, கண்ணில் எப்போதும் பாதி மயக்கம். ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டு, நடுவே சிமென்ட் பீடம் கட்டி, அதன்மேல் ஒரு செம்புத் தகட்டை வைத்திருந்தார். தகட்டில் ஒரு காலடி செதுக்கியிருந்தது. அதுதான் கடலம்மா பாதம். அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். நல்ல கை என்றால் மூன்று எண்ணுவதற்குள் தகடு பனியாகக் குளிரும். பாவக் கை என்றால் சுடும். பக்கத்தில் பம்பைக்காரர்கள் இருவர் காது கிழிய அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நொடி ஓய்ந்தாலும் சாமி முறைப்பார்.

குளிர்ந்தவர்கள் அழுதார்கள். சுட்டவர்களும் அழுதார்கள். சுட்டவர்களுக்குப் பரிகாரம் உண்டு. கழுத்திலோ காதிலோ இருப்பதைக் கழற்றி உண்டியலில் போட்டால் அடுத்த வாரம் குளிரும். அடுத்த வாரம் குளிரத்தான் செய்தது. ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியது. ஒருவர் மகனுக்கு விசா வந்தது. பாதத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ரிப்பேராகிக் கிடந்த ஃப்ரிட்ஜ் தானாக ஓடுகிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். அதையும் நாலு பேர் வீடியோ எடுத்தார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. எனக்குக் கிடையாது. ஏனென்றால் கொட்டகை வாசலில் எட்டடி உயரத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. அதில் சாமிக்குப் பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு இளித்தது நான்தான்.

என் பெயர் ஜெகதீஸ்வரன். இந்தக் குப்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரே ஆள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து ஊர் என்னை மன்னிக்கவே இல்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் ஆறு வருஷம் நான் ஆராய்ந்தது ஒரே விஷயம்: முடிபோல மெல்லிய கால்வாய்களில் தண்ணீர் ஓடும்போது சூடு எப்படிக் கைமாறுகிறது? பெரிய குழாயில் ஓடும் தண்ணீரில் பாதி, சுவரைத் தொடாமலே நடுவில் போய்விடும். மெல்லிய கால்வாயில் அந்தச் சலுகை கிடையாது. நிரம்பி வழிகிற ஷேர் ஆட்டோவில் ஒருவரும் கம்பியில் இடிக்காமல் இறங்க முடியாதில்லையா, அப்படி ஒவ்வொரு துளியும் சுவரை உரசித்தான் போக வேண்டும். அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். சுண்டுவிரல் தடிமன் செம்புத் தகட்டுக்குள் இப்படி நூறு கால்வாய் வெட்டி ஐஸ் தண்ணீர் விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் தகடு குளிரும். வெந்நீர் விட்டால் சுடும். இதை நான் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில் எழுதினேன். சோதனைக்கு ஐஸ் சுமக்கவும் பம்ப் ஓட்டவும் ஓர் ஆள்கூட இருந்தான். எழுதியதைப் படித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

இப்போது உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கதையே அதுதான்.

சாமி வந்த இரண்டாம் வாரமே எனக்கு ஆள் அனுப்பினார். "இந்த ஊர்ல படிச்ச புள்ள ஒண்ணு இருக்குதாமே, வந்து சோதிச்சுப் பாக்கட்டும். அம்மாவுக்குப் பயம் இன்னாத்துக்கு?" என்று கூட்டத்தில் சொன்னார். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை யாராவது சோதிக்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? கோட்டு போட்டுக்கொண்டு போனேன். பங்குனி வெயிலில். அளவுகோல், பூதக்கண்ணாடி, நெற்றிக்கு நேராகப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி எல்லாம் கொண்டுபோனேன். தகட்டைத் தட்டினேன், அளந்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். பிறகு கையை வைத்தேன்.

மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனி வரைக்கும் குளிர்ச்சி ஊர்ந்து போனது. மயிர்க்கூச்செறிந்தது. சாமி என் காதருகே குனிந்து, "வடக்க, பனி பெய்யுற தேசத்துலேந்து ஒரு பதிலுக்குக் காத்துக்கினு கீற. வரும்," என்றார்.

ஏழு மாதமாக அப்படி ஒரு பல்கலைக்கழகத்தின் பதிலுக்குக் காத்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து சான்றிதழ் எழுதினேன்: "தகட்டின் தடிமன் எட்டு மில்லிமீட்டர். இதற்குள் குழாய் செல்ல அறிவியல்படி வழியே இல்லை." நூறு கால்வாய் வெட்டிய அதே கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தூக்கிப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பாதத்தை அசைத்தால் ஏரி வற்றிவிடும் என்று சாமி சொல்லியிருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரையில் இப்படிப் பார்க்காமல் விட்டதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் 'ஆய்வின் வரம்புகள்' என்று போடுவோம். சான்றிதழில் அதற்கும் நான் இடம் விடவில்லை.

அந்தக் காகிதம் யார் வயிற்றில் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் ஏரியில் இறால் குறைவு. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது, கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. இது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். ஆனால் மணலைத் திட்டினால் அது பதில் பேசாதே! ஊர்த் தலைவர் தேசப்பன் சாமியிடம் போய்க் காரணம் கேட்டார். சாமி கண்ணை மூடிக்கொண்டு, "பாவக் கைங்க தண்ணிய தடவுது," என்றார்.

எங்கள் ஊருக்கு அடுத்தது ஓடைமேடு. அங்கே இருப்பவர்களிடம் வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். முப்பத்திரண்டு பேரையும் வரவழைத்துப் பாதத்தில் கை வைக்கச் சொன்னார்கள். முப்பத்திரண்டு கையும் சுட்டது. எங்கள் ஊர் ஆள் ஒருவருக்கும் சுடவில்லை. கடலம்மாவுக்கு ஊர் எல்லை துல்லியமாகத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து ஓடைமேட்டுக்காரர்கள் ஏரியில் இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அவர்கள் தடவுகிற இடத்தில் 'அம்மன் வலை' என்று ஒன்று விழுந்தது. அதில் படுவது சாமிக்குப் பாதி, தேசப்பனுக்குப் பாதி. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை கை வைத்துப் பார்த்துவிட்டு, தடையை நிரந்தரமாக்கிப் பஞ்சாயத்தில் தீர்மானம் போடுவதாக முடிவு செய்தார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு காலையில் குப்பம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஓடைமேட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சேற்றில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"இன்னா டாக்டரு தம்பி, சாப்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்க்கா."

"எங்க ஊர்ல யாரும் சாப்டல. உன் மூஞ்சி போட்ட பேனர எங்க தெரு முனையிலயும் கட்டிட்டாங்க. இருவது நாளா உன் பல்ல பாத்துக்கினு பசியோட குந்திக்கினு கீறோம்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயில் எனக்கு அறிவியல் வந்தது. "அக்கா, நான் அளந்து பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அளந்தது கெடக்கட்டும். நீ கைய வெச்சியா?"

"வெச்சேன்."

"எங்கேந்து குளிர்ந்துச்சு?"

"எங்கேந்துன்னா?"

"எனக்குச் சுட்டுச்சு இல்ல? மொதல்ல மணிக்கட்டுல சுட்டுச்சு. அப்பால உள்ளங்கை. கடைசியா வெரலு. நான் பொறந்ததுலேந்து கண்ணு தெரியாத சேத்துல கைய வுட்டுத் தடவுறவ. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கைக்குத் தெரியும் தம்பி. சாபம்னா மொத்தமா சுடணும். இது ஒரு பக்கத்துலேந்து இன்னொரு பக்கத்துக்குப் போவுது. உள்ள தண்ணி ஓடுது."

"அதெல்லாம் சாத்தியமே இல்லக்கா. தண்ணி ஓடினா நுழையிற பக்கம் அதிக சூடு, வெளியேறுற பக்கம் குறைஞ்ச சூடுன்னு ஒரு வித்தியாசம் வரும். அதை வெச்சுத்தான்..."

நிறுத்தினேன். அது என் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சூடு எப்படி மாறுகிறது என்று காட்டும் அந்த ஒரு கோட்டை வரைய எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. என் கையிலும் அந்தக் கோடு ஊர்ந்திருக்கிறது, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு. அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு," என்றாள் குப்பம்மாள். "கடலம்மாவுக்கு எதுக்கு ஐஸு? அவ இன்னா மீனா, அழுகிப் போறதுக்கு?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தகட்டுக்குள் முடியளவு கால்வாய் இருக்க முடியும், அடியில் இரண்டு குழாய் இருந்தால் போதும், பம்பைச் சத்தம் பம்ப் சத்தத்தை மறைக்கத்தான் என்று. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தினி நாளா இத நீ யாருக்கும் சொல்லலியா?"

"யாரும் கேட்கலக்கா."

"சரி வுடு. ஓட்டை முடியளவுதான்னு சொன்ன இல்ல? அப்ப அடைச்சுக்குமே! கடலே உள்ள வர்ற வாயி நமக்கு அடைச்சுக்கிச்சு."

அடைத்துக்கொள்ளும். ஆறு வருஷமும் என் உயிரை வாங்கியது அதுதான். ஒரு துளி அழுக்கு போனால் போதும், சோதனை நின்றுவிடும். "ஆனா தண்ணியைத் துணியில வடிகட்டித்தான் விடுவான்," என்றேன்.

"துணிக்கு நிக்காத சேறு எங்கிட்ட கீது. இறாலு பகல்ல படுத்துக்கினு இருக்குமே, அந்தச் சேறு. நெசமாவே அம்மாவா இருந்தா சேறு இன்னா பண்ணும்? அவ சேத்துலதான கீறா. கொழாயா இருந்தா தெரிஞ்சுடும். ஆனா நான் தண்ணியில எறங்கக் கூடாதே, நீதான சீட்டு குடுத்துட்ட."

ஆகவே நான் இறங்கினேன். மீனவன் பிள்ளை ஏரியில் இறங்கிப் பத்து வருஷமாகியிருந்தது. இரண்டாம் அடியிலேயே வழுக்கி விழுந்தேன். கரையில் நின்று குப்பம்மாள் வழி சொன்னாள். "அங்க இல்ல தம்பி, இன்னும் குனி. மூஞ்சி நனைஞ்சா நனையட்டும். கைய அலம்பாத, வழிச்சு எடு." வழிக்கும்போது ஒரு கெளுத்தி என் கட்டைவிரலில் முள்ளை ஏற்றியது. சான்றிதழில் கையெழுத்துப் போட்ட விரல்களில் ஒன்று. நான் கத்திய கத்தலில் நாரைகள் பறந்தன. குப்பம்மாள் சிரித்தாள். இருபது நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னாள்.

ஒரு குடம் சேறு எடுத்துக் கரைத்து, வேட்டியில் வடித்து, வேட்டிக்கு நிற்காமல் இறங்கியதை மட்டும் ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். அச்சில் ஊற்றி நான்கு கட்டிகளாக்கித் தந்தார்கள். எங்கள் ஊரில் மீனுக்குப் போடுகிற ஐஸ் எப்போதும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வழக்கத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். நான்கு கட்டிகளையும் நானே தலையில் மாற்றி மாற்றிச் சுமந்துபோய் வைத்தேன். "டாக்டரு காணிக்கை மொதல்ல போவட்டும்," என்று சாமியே உத்தரவு போட்டார். திரைக்குப் பின்னால் ஒரு தொட்டியில் அவை விழும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகப் பழக்கமானது போலிருந்தது.

பம்பை முழங்கியது. தேசப்பன் முதலில் வந்து கையை வைத்தார். "ஆத்தாடி! ஜில்லுனு கீது!" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்து அவர் மருமகள் அர்ச்சனா. குளிர்ந்தது. அடுத்து நாலு பேர், பிறகு பத்துப் பேர். எல்லோருக்கும் குளிர்ந்தது. சேறு தோற்றுவிட்டதோ என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருவேளை உண்மையிலேயே அம்மாதானோ என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியும் உள்ளே மாறாத இடம் ஒன்று இருந்திருக்கிறது.

இருபதாவது ஆள் ரஞ்சித், காட்டுப்பள்ளியில் வேலை பார்ப்பவன். கையை வைத்தான். மூன்று எண்ணினான். பத்து எண்ணினான். "சாமி, சும்மா கீதே," என்றான்.

"மனசுல பக்தியோட வை!"

"பக்தியோடதான் வெச்சேன். வெதுவெதுன்னு கீது."

"இவன் நடுவாந்திரம். அடுத்து ஓடைமேட்டுப் பாவிங்க வரட்டும்!" என்று சாமி அவசரமாகக் கத்தினார்.

குப்பம்மாள் வந்தாள். கையை வைத்தாள். தகடு சுடவில்லை. சாமியின் இடது கால் பீடத்தின் அடியில் எதையோ மிதித்தது. சுடவில்லை. மறுபடி மிதித்தது. பம்பையையும் மீறி ஏதோ ஒன்று மூச்சுத் திணறுகிற மாதிரி உறுமியது. குப்பம்மாள் பம்பைக்காரர்கள் பக்கம் திரும்பி, "யப்பா, ஒரு நிமிசம் நிறுத்துங்க," என்றாள். என்ன தோன்றியதோ, நிறுத்திவிட்டார்கள்.

கொட்டகை முழுக்க பம்ப் சத்தம்.

அடுத்த நொடி பீடத்துக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது. சாமியின் காவிக்குள்ளிருந்து சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முன்வரிசை பக்தர்கள் சிலர் அதையும் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சான்றிதழே கொடுத்தவன்.

"தம்பி," என்றாள் குப்பம்மாள். "இப்பவாவது தூக்கிப் பாரு."

"அசைச்சா ஏரி வத்திடும்!" என்று தேசப்பன் அலறினார்.

"இப்ப மட்டும் ரொம்பி வழியுதா?" என்றாள் அவள்.

தூக்கினேன். தகட்டின் அடியில் இரண்டு குழாய் முனைகள் இருந்தன. ஒன்றில் சேறு கொழகொழவென்று நின்றது. அவற்றுக்கு நடுவே ஆணியால் குத்திய எழுத்து: ஜெ. 7.

அது என் கையால் குத்தியது. நான் ஆறு வருஷத்தில் செய்த தகடுகளில் ஏழாவது. முன்பக்கம் ஒரு காலடியைச் செதுக்கி மஞ்சள் தடவியிருந்ததால், பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி நனைந்து ஒட்டிப்போயிருந்த சாமியின் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அவனே சொன்னான்.

"சிங்காரம், சார். உங்க லேப்ல ஐஸ் தூக்குனவன். நீங்க போனப்பறம் என்னையும் அனுப்பிட்டாங்க, இந்தத் தகட்டையும் தூக்கிப் போட்டுட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வந்தோம்."

"வெளிநாட்டுப் பதில் உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல நீங்க பேசுவீங்க இல்ல, வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டது, முகத்துவாரம், இறாலு, ஊர்த் தலைவரு, எல்லாம். நான் பக்கத்துலதான் நிப்பேன். ஆறு வருஷம் நின்னேன். நீங்க ஒரு நாள் என் மூஞ்சியப் பாத்திருந்தா நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன் சார்."

அவன் செய்தது அயோக்கியத்தனம். சொன்னது உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்ததுதான் எனக்கு வலித்தது. உண்டியலைத் திறந்து, கழற்றி வாங்கிய தோடுகளையும் மூக்குத்திகளையும் அங்கேயே எடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தான். போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. தேசப்பன் தீர்மானக் காகிதத்தை நான்காய் மடித்து, யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்க்க, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தடை போனது. அம்மன் வலையை அன்றே சுருட்டினார்கள்.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்து குப்பம்மாள் காலில் விழுந்தாள். "தாயே, உன் கையிலதான் அம்மா கீறா! எங்க வூட்டுக்காரர் தலையில கொஞ்சம் வையி!" என்றாள். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். ஒருவர் கையில் ஐஸ்.

குப்பம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "எழுந்திரும்மா! என் கையில ஒண்ணும் இல்ல, பசி வாசனைதான் கீது. நீயும்தான தகட்டத் தொட்ட? மணிக்கட்டுலேந்து வெரலுக்குப் போச்சா இல்லியா?"

"போச்சு தாயே."

"அத்தான் எனக்கும் போச்சு. உன் கை சரியாத்தான் சொல்லிச்சு. நீதான் கேக்கல."

பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டாள். ஓடைமேடு முழுக்க அவள் பின்னால் இறங்கியது.

தேசப்பன் மெல்ல என்னிடம் வந்தார். "தம்பி, இது போலின்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்துடேன். உன் கையெழுத்துன்னா ஜனங்க நம்பும்," என்றார்.

மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாக அந்தத் தகட்டைக் கொட்டகை வாசலில், என் பேனர் தொங்கிய அதே இடத்தில், கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடிப்பக்கமும் என் எழுத்தும் வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. இன்னொரு சாமி இன்னொரு பாதத்தோடு வரத்தான் போகிறார். பக்கத்தில் என்னைப்போல ஒருவன் கோட்டு போட்டுக்கொண்டு இளிக்கவும் போகிறான். அவனைக் கேட்காதீர்கள். தூக்கிப் பாருங்கள். கனம் அதிகமில்லை, இரண்டு கிலோதான். தினம் ஐஸ் கட்டி சுமந்த தலைகளுக்கு அது ஒரு சுமையா?